நீலம் பூசாத முகம்

கோபம் எத்தனை பெரிதாக இருந்தாலும், ஷூட்டிங் நாள் வந்துவிட்டால் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும்.

"இனிமே நீ எனக்கு ஃபோனே பண்ணாத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்த சின்னவன், ஒரு வாரமாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் மானஸ்தி, கூப்பிடவில்லை. ஆனால் இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நின்றாக வேண்டும். எழுதினவள் அவள், நடிக்க வேண்டியவன் அவன்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டே வரி. நம் சின்னவன் ஒரு விண்வெளித் தொடரில் வேற்றுக்கிரக ஆசாமியாக நடிக்கிறான். ரப்பர் முகம், நீலச் சாயம், கன்னத்தில் செதில், வாய்க்குள் ஒரு பல் செட். அந்தப் பல் செட்டை மாட்டிக்கொண்டு பேசினால் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். நாடே அவனை 'நீலன்' என்று கொண்டாடுகிறது. குழந்தைகள் நீலனைப் படம் வரைந்து அனுப்புகிறார்கள். நீலன் சாகக் கிடந்த வாரம் பெரிய மனிதர்களே மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் நீலனுக்கு உள்ளே இருக்கும் ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டால், ஒரே சுவரைப் பங்கு போடும் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. இரண்டு வரி என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டேன், போகட்டும்.

அந்தத் தொடரை எழுதுகிறவர்களில் ஒருத்தி அவன் அக்கா. இது செட்டில் யாருக்கும் தெரியாது. 'அக்கா சிபாரிசில் வந்தவன்' என்று யார் வாயிலும் விழக் கூடாது என்று ஆரம்பத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மறைப்பதற்குச் சிரமப்படவும் இல்லை. அக்கா அப்பாவைக் கொண்டு வெளுப்பு. சின்னவன் அம்மாவைக் கொண்டு நல்ல கறுப்பு. பார்க்கிறவர்கள் இவர்களைக் கூடப் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அவர்கள் குடும்பம் பிழைக்க வந்த அந்த வேற்று பாஷை ஊரில் வெளுப்பாக இருந்தால் கதவு ஒரு மாதிரி திறக்கும், கறுப்பாக இருந்தால் இன்னொரு மாதிரி திறக்கும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

சண்டைக்குக் காரணம் அக்கா எழுதிய புது எபிசோட். ஒரு நாள் நீலன் தூங்கி எழுந்தால் நீலம் முழுக்க உதிர்ந்து போயிருக்கும். உள்ளே மனிதத் தோல். அதாவது சின்னவனுடைய சொந்தத் தோல். அதே மூளை, அதே பதவி, அதே ஞாபகம். ஆனால் அவன் இத்தனை காலம் காப்பாற்றிய கப்பலின் வாசலிலேயே அவனை மறித்து நிறுத்துவார்கள்.

இது கற்பனையாக இருந்திருந்தால் சின்னவன் கைதட்டியிருப்பான். ஆனால் நடந்தது. போன வருஷம் தொடருக்கு ஒரு விழா எடுத்தார்கள். எப்போதும் விடிவதற்கு முன் கம்பெனி வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக மேக்கப் அறையில் கொண்டுபோய் விடும். அன்றைக்கு மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சொந்த முகத்தோடு, முன்வாசல் வழியாகப் போனான். அடையாள அட்டையைக் காட்டினான். அங்கேதான் வினை. முதல் வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் தமாஷாக இருக்கட்டும் என்று, நடிகர்களுக்கெல்லாம் வேஷம் போட்ட படத்தையே அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிட்டான். மற்றவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, வேஷத்திலும் அவர்கள் முகம் அவர்கள் முகம்தான். சின்னவன் அட்டையில் இருந்தது நீல முகம்.

காவலாளி அட்டையைப் பார்த்தான். ஆளைப் பார்த்தான். "இதை எங்க திருடின?" என்றான்.

அந்தச் சமயம் பார்த்துத் தொடரின் கேப்டனாக நடிப்பவர் உள்ளே போனார். சின்னவன் தோளில் கை போட்டு ஆயிரம் காட்சியில் நடித்தவர். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னன்னு விசாரிச்சு அனுப்புங்க" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சின்னவன் வீட்டுக்குத் திரும்பினான். மனைவியிடம் காய்ச்சல் என்றான். சில நாள் கழித்து, அக்கா ஒருத்தியிடம் மட்டும், ஏதோ ஜோக் சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே ஃபோனில் சொன்னான்.

அக்கா அதைத்தான் அவனைக் கேட்காமல் காட்சியாக எழுதிவிட்டாள். போன வாரம் ஃபோனில் போட்ட சண்டை காதில் விழுந்துதான் அவன் மனைவிக்கே விஷயம் தெரிந்தது.

காலையில் சாப்பாட்டு மேஜையில் அவன் மனைவி ஃபோனைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. இன்றைக்கு மத்தியான ஷிஃப்ட்.

"புது எபிசோட் விஷயம் வெளிய கசிஞ்சுடுச்சுங்க. ஊரே இதைத்தான் பேசிட்டிருக்கு."

"என்ன பேசறாங்க?"

"'விண்வெளிக் கதையில இதெல்லாம் எதுக்கு? ராக்கெட் விடுங்க, பாடம் எடுக்காதீங்க'ன்னு ஒருத்தர். 'எப்பவும் போல எடுத்தா என்ன குறைஞ்சு போச்சு, எதுக்கு இந்தப் பரீட்சை'ன்னு இன்னொருத்தர். இதைக் கேளுங்க, 'எங்க நீலனை எங்ககிட்டயே விட்டுடுங்க'ன்னு ஒரு அம்மா. எத்தனை பேர் லைக் போட்டிருக்காங்க தெரியுமா?"

"சரியாத்தானே கேக்கறாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா?"

"ஏன், நானும்தான். நாள் பூரா வேலையிலயும் பஸ்லயும் இடிபட்டுட்டு வந்து டிவி முன்னால உக்கார்றான் மனுஷன். கொஞ்ச நேரம் நம்ம கப்பல்ல ஏறிக்கலாம்னு. அங்கயும் வாசல்ல நிக்க வெச்சு அட்டை எங்கன்னு கேட்டா எப்படி?"

"பாக்கறவங்க ஏறறது சரி. நீங்க?"

சின்னவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "நானும் அதுக்குத்தான் ஏறறேன்" என்றான்.

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

"அப்ப முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே.

"சொன்னா அக்கா வேலை போச்சு. இதை எடுக்கலன்னா அடுத்த வருஷம் நான் வரலன்னு தயாரிப்பாளர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கா. வாய்க்கொழுப்பு."

"அண்ணி எழுதினது தப்புன்னு எனக்குத் தோணலங்க. உங்களைக் கேக்காம எழுதினாங்களே, அதுதான் தப்பு." கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "போன மாசம் ஒரு ஆளு ரத்தம் குடுக்க வந்தாரு. கையை நீட்டினவர் என்னைப் பாத்ததும் இழுத்துக்கிட்டார். வேற யாராவது இருந்தா வரச் சொல்லுன்னார். அவர் ஃபோன் உறையில நீலன் படம்."

சின்னவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க காய்ச்சல்னு சொன்னீங்க. நான் ஒண்ணுமே சொல்லல. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் தனித்தனியாக இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். முகம் ஒட்டுகிற வேலை இல்லாததால் இன்றைக்கு வெயில் ஏறிய பிறகுதான் வேன் வந்தது. பகல் வெளிச்சத்தில் அந்த வேனை இப்போதுதான் பார்க்கிறான், அது பச்சை நிறம்.

மேக்கப் அறையில் நாற்காலி அவனுக்காகக் காத்திருந்தது. மேக்கப் அம்மாள் இல்லை, அவளுக்கு இன்று வேறு நடிகர். ஒரு சின்னப் பெண் வந்து, எண்ணெய் வழியாமல் இருக்க நெற்றியில் பவுடரை ஒற்றிவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்றாள்.

அவ்வளவுதானா என்று அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. பசையின் நெடியும் ரப்பரின் கனமும் எத்தனை நாள் அவனை வதைத்திருக்கின்றன! சாப்பிட முடியாது, சொறிய முடியாது, மத்தியானம் பூராவும் ஸ்ட்ராவில் கஞ்சிதான். ஆனால் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாக நீலன் வருவதைப் பார்க்கும்போது ஒரு தைரியமும் கூடவே வரும். இன்றைக்குக் கண்ணாடியில் வந்தவன் வீட்டில் பல் தேய்க்கிற அதே ஆள்தான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கே விளங்கவில்லை.

செட்டுக்குள் போனான். ஒட்டுப்பலகையில் அடித்த கப்பல், பின்பக்கம் முழுக்க ஆணியும் சட்டமுமாக. ஒலிப்பதிவுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நீலனைப் பார்த்தால் ஒரு ஜோக் சொல்லாமல் விட மாட்டார் மனுஷன். சின்னவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு ஒயரைச் சுருட்டினார்.

"ஏம்ப்பா, சும்மாதானே நிக்கற? இதைக் கொஞ்சம் பிடி." விளக்குக்காரர் ஒரு ஸ்டாண்டை அவன் கையில் கொடுத்தார். செட்டில் எல்லோரும் பேசுவது ஊர் பாஷைதான், ஆனால் அதிகாரம் எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சின்னவன் பிடித்துக்கொண்டான். நான்தான் நீலன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பதறுவார், மன்னிப்புக் கேட்பார், நாலு பேர் கூடுவார்கள். அதற்குப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவோ தேவலை. தவிரவும், சும்மா நிற்பதைவிட ஒரு வேலையோடு நிற்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. ஆறேழு வருஷம் உழைத்த இடத்தில் கையில் ஒரு இரும்புக் கம்பி இருந்தால்தான் நிற்க முடிகிறது.

கேப்டன் வந்தார். கம்பீரமான உடுப்பு. வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, "எங்க நம்ம ஆளு? நீலன் இன்னும் வரலையா?" என்றார். சின்னவன் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் அவர் சட்டையைத் தொடலாம்.

டைரக்டர்தான் கண்ணைக் காட்டினார். கேப்டன் திரும்பினார். முகம் ஒரு விநாடி வெறுமையாக இருந்தது.

"அட! நீயா! நீ இவ்வளவு சின்னவனா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். விளக்குக்காரர் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். கேப்டன் நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீலன் தோளில் கையைப் போட்டால் போட்டதையே மறந்துபோய், அப்படியே நின்று அரை மணி நேரம் பேசுகிறவர், இன்றைக்குத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"ஸ்கிரிப்டைப் படிச்சேன்ப்பா. தூக்கம் வரல. நிஜமாவே இப்படியெல்லாமா மனுஷங்க இருப்பாங்க?"

"இருப்பாங்க சார்" என்றான் சின்னவன்.

அக்கா தூரத்தில் மானிட்டர் பக்கம் தயாரிப்பாளரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். வாதாடுகிறாள் என்பது கை ஆட்டத்திலிருந்தே தெரிந்தது. கடைசிக் காட்சியில் நீலனுக்கு மறுபடியும் நீலம் வந்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளர் பல நாளாகக் கேட்கிறார்.

"ஜனங்க பயந்துடுவாங்கம்மா. இது கற்பனைத் தொடர். அவங்களை நாம எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். வீட்டு வாசல்லயே கொண்டுபோய் விடறதுக்கு எதுக்கு ராக்கெட்?"

"இத்தனை வருஷமா நீலத் தோலைக் காட்டித்தான் அழ வெச்சோம் சார். வால் இருக்கறவனை வெறுக்காதே, செதில் இருக்கறவனை வெறுக்காதேன்னு சொன்னோம். எல்லாரும் சரின்னாங்க. ஏன்னா வால் இருக்கற ஒருத்தன்கூட அவங்க தெருவுல இல்ல. நீலம் திரும்பி வந்துட்டா நிம்மதியாத் தூங்கப் போயிடுவாங்க. ஒரே ஒரு வாரம் தூங்காம இருக்கட்டுமே."

சின்னவனுக்குக் கேட்டது. பேச்சு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. அவளுக்கு எப்போதும் பேச்சு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு கணம் அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி பார்வையை நகர்த்திக்கொண்டார்கள். அதில் அவர்களுக்கு நல்ல பழக்கம்.

ஒத்திகைக்கு டைரக்டர் கூப்பிட்டார். கப்பலின் வாசல். காவலாளியாக நடிப்பவர் மிடுக்காக நின்றார். பின்னால் ஒரு பேட்டரி வண்டி. அதற்குமேல் தகரத்தை மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டு விண்வெளி வண்டியாக்கியிருந்தார்கள்.

"இந்த வண்டி எதுக்கு? என் காகிதத்துல இல்லையே" என்றான் சின்னவன்.

"நேத்து எழுத்தாளரம்மா புதுசா சேர்த்தாங்க. இந்தா பாரு. காவலாளி உன்னைத் திருட்டுப் பயல்னுட்டான். கேப்டன் போயிட்டார். நீ என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கற. பின்னாடி வண்டி வந்து ஹாரன் அடிக்குது. நீ வழியில நிக்கற, இல்லையா? சட்டுன்னு ஒதுங்கற. ஒதுங்கிட்டு, வண்டியைப் பாத்து இப்படிக் கையைத் தூக்கி 'மன்னிச்சுக்குங்க'ன்னு காட்டற. வண்டி போயிடுது. சின்ன விஷயம்தான், ஆனா நான் அதை ரெண்டு தடவை படிச்சேன்."

சின்னவனுக்குக் காதில் எதுவும் விழவில்லை.

விழா அன்றைக்கு வண்டி வந்தது நிஜம். ஹாரன் அடித்தது நிஜம். பெரிய கறுப்புக் கார். அவன் ஒதுங்கினான். கை தானாக எழுந்தது. திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறவன், வழியில் நின்றதற்காக முன்பின் தெரியாத காரிடம் மன்னிப்புக் கேட்டான். காவலாளி சொன்னதைக்கூட அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அந்தக் கையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் இல்லை, அக்காவிடமும் இல்லை. அவனுக்கு இருந்த அவமானத்திலேயே பெரிய அவமானம் அதுதான்.

பிறகு இவளுக்கு எப்படித் தெரியும்?

"அஞ்சு நிமிஷம்" என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் நடந்தான். அக்காவிடம் ஊர் பாஷையில், "மேடம், ஒரு வசனத்துல சந்தேகம்" என்றான். அவள் முகம் வெளுத்தது, அது ஏற்கெனவே வெளுப்புதான், இன்னும் கொஞ்சம் வெளுத்தது. கப்பலுக்குப் பின்னால், ஆணியும் சட்டமும் தெரிகிற பக்கம் போய் நின்றார்கள். அந்தக் கட்டடத்துக்குள் அவர்கள் நம் பாஷையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்த வண்டியில யார் இருந்தா?"

அக்கா சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்தாள்.

"கையைத் தூக்கினதை நான் உங்கிட்ட சொல்லவே இல்ல."

"தெரியும்."

"அப்ப நீதான் இருந்திருக்க."

"பின் சீட்டுல. பக்கத்துல தயாரிப்பாளர்."

"என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்டா." அவள் குனிந்துகொண்டாள். "முதுகைப் பாத்ததுமே தெரிஞ்சுது. உன் நடை, உன் நிக்கற தினுசு எனக்குத் தெரியாதா? நீ திரும்பிக் கையைத் தூக்கினப்ப நேரா என்னைத்தான் பாத்த. கண்ணாடி கறுப்பு, உனக்குத் தெரியல."

"இறங்கல."

"இறங்கல." அவளும் அதையே சொன்னாள். "அவர் கேட்டார், யார் அந்த ஆளுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்."

காவலாளி மேல் அவனுக்குக் கோபம் வந்தது உண்டு. கேப்டன் மேல் வருத்தம் வந்தது உண்டு. அவர்களுக்கு அவனைத் தெரியாது, தெரியாதவர்கள் மேல் எத்தனை நாள் கோபத்தை வைத்துக்கொள்வது? இது அப்படி இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவனைக் கேலி செய்த பெரிய பையனை ஜாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டு வந்தவள் இவள். உலகத்தில் எல்லோரும் கைவிட்டாலும் கூட நிற்க ஒருத்தி உண்டு என்று அவன் வைத்திருந்த கணக்கில் அவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது அந்தக் கணக்கில் யாருமே இல்லை. அழுகை வந்தது. செட்டில் அழுது அவனுக்குப் பழக்கமில்லை, ரப்பர் முகத்தோடு அழுதால் பசை விட்டுப் போகும்.

"அப்பவே இறங்கியிருந்தா, யாருன்னு சொல்லணும். சொன்னா, இத்தனை வருஷமா ஏன் மறைச்சேன்னு கேப்பாங்க. என்னென்னவோ ஓடிச்சுடா மண்டையில. எல்லாம் ரெண்டு விநாடி. கார் உள்ள போயிடுச்சு." அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஃபோன் பண்ணி சிரிச்சுட்டே சொன்னியே, அன்னிக்கே செத்துட்டேன். உனக்காகத்தான் எழுதறேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். வண்டி இல்லாம எழுதினது பொய்யாவே இருந்துது. நேத்துதான் சேர்த்தேன்."

"எங்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரல. காகிதத்துல மட்டும் வருது."

"ஆமா."

மறுபக்கம் யாரோ சுத்தியலால் எதையோ அடித்தார்கள், பலகை அதிர்ந்தது.

"அந்த வண்டியில யாரை உக்கார வெக்கறாங்க?"

"துணை நடிகர் ஒருத்தர் வந்திருக்கார்."

"வேணாம். நீ உக்காரு."

"நான் நடிகை இல்லடா."

"அன்னிக்கு நல்லாத்தானே நடிச்ச."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவனுக்கும் சொன்ன பிறகு வலித்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"கறுப்புக் கண்ணாடி வேணாம். சாதாக் கண்ணாடி போடச் சொல்லு. என் முகத்தை ஊரே பாக்கப் போகுது. உன் முகத்தையும் பாக்கட்டும். இல்லன்னா நான் இப்பவே வேன்ல ஏறிடறேன். உன் எபிசோடும் வேணாம், உன் வேலையும் வேணாம், என் வேலையும் வேணாம்."

அவள் டைரக்டரிடம் போனாள். சின்னவன் நின்ற இடத்திலிருந்து காதைக் கொடுத்துக் கேட்டான். டைரக்டருக்கு ஆச்சரியம். நீங்க எதுக்கு, அதுக்குத்தான் ஆள் இருக்கே என்றார். அவள் ஒரு விநாடி தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் 'அவன் என் தம்பி' என்று வந்துவிடும் என்று சின்னவன் பைத்தியக்காரத்தனமாக எதிர்பார்த்தான்.

"அந்த ஆள் எப்படி உக்காந்திருப்பார்னு எனக்குத்தான் தெரியும். நானே உக்காந்துக்கறேன்" என்றாள் அக்கா.

பேஷ் என்றார் டைரக்டர். எழுத்தாளரே நடிக்கிறார் என்றால் பத்திரிகைக்குச் செய்தி ஆயிற்று. தயாரிப்பாளர்கூடச் சிரித்தார். கண்ணாடியை மாற்றினார்கள். அவளுக்கு ஒரு உடுப்பு மாட்டி, வண்டிக்குள் டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் வாயை மூடினார்கள். சின்னவன் வாசலுக்குப் போய் நின்றான். முதுகுக்குப் பின்னால் வண்டி இருந்தது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆக்‌ஷன்."

காவலாளி அட்டையை வாங்கினான். நீல முகத்தைப் பார்த்தான். இவன் முகத்தைப் பார்த்தான். "இதை எங்க திருடின?" நல்ல நடிகர், அச்சு அசல் அதே குரல். சின்னவனுக்கு வசனம் மறந்துபோனது. மறந்தது நல்லதாகப் போயிற்று, அன்றைக்கும் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

கேப்டன் வந்தார். பார்த்தார். "என்னன்னு விசாரிச்சு அனுப்புங்க" என்றுவிட்டு நடந்தார். நாலடி வைத்தவர், காட்சியில் இல்லாதபடி ஒரு கணம் நின்றார். எதையோ எங்கேயோ கேட்ட மாதிரி அவர் கழுத்து திரும்பப் பார்த்தது. பிறகு தொழில் பழக்கத்தில் உள்ளே போய்விட்டார்.

பின்னால் ஹாரன் அடித்தது.

இப்போது ஒதுங்க வேண்டும். ஒதுங்கிக் கையைத் தூக்க வேண்டும். சின்னவன் மெதுவாகத் திரும்பினான். வண்டி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம். கண்ணெல்லாம் நீர்.

அவன் ஒதுங்கவில்லை. கையும் எழவில்லை.

டிரைவராக நடித்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஹாரன் அடித்தார். ஓரக் கண்ணால் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, கட் சொல்லாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. செட்டில் இருந்த அத்தனை பேரும், ஒயர் சுருட்டுகிறவரும் விளக்குக்காரரும் தயாரிப்பாளரும், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில் அவன் இத்தனை தனியாக என்றைக்கும் நின்றதில்லை.

அக்காவின் கை கதவுப் பிடியில் இருந்தது. அவள் உதடு அசைந்தது. ஏதோ ஒரு வார்த்தை, நம் பாஷையா ஊர் பாஷையா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை.

இறங்கி வந்து கேட்கிற மாதிரி சொல்லட்டும் என்று சின்னவன் வழியை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.